ரிப்பீட்டருக்கு வந்த பல்கூச்சம்

ரேடியோ கிளப்பின் ரிப்பீட்டருக்கு எந்தக் கேபிள் வாங்குவது என்பதில் பல் டாக்டருக்கும் அவருடைய கொழுந்தனாருக்கும் முட்டிக்கொண்டது. கொழுந்தனார் லிஃப்ட் மெக்கானிக். கேபிள் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கு.

“மேலுறை ரெண்டு அடுக்கும் செம்புப் பின்னலா, வெள்ளி முலாம் பூசினதா வாங்கலாம் தம்பி.”

“பின்னல்னா இடுக்கு இருக்கும், சிக்னல் கசியும் அண்ணி. இதைப் பாருங்க, உள்ள அலுமினியத் தாள், மேல பின்னல். ஈ, எறும்பு நுழையாது!”

கிளப் கூட்டத்தில் கைகள் மெக்கானிக் பக்கமே உயர்ந்தன.

ரிப்பீட்டர் எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், ஒரு இரும்பு அலமாரிக்குள் இருந்தது. தூரத்திலிருந்து வரும் மெலிந்த குரலைக் கேட்டு, அதே நொடியில் ஓங்கிச் சொல்வது அதன் வேலை. கேட்டுக்கொண்டே பேசுவதால், கேபிளில் துளி இரைச்சல் கிளம்பினாலும் காது அடைத்துவிடும்.

அப்படித்தான் ஆயிற்று. புதுக் கேபிள் மாட்டிய மூன்றாம் நாள் ஒரே கரகரப்பு. குன்றுக்குப் பின்னாலிருந்து தினமும் ஆற்று நீர்மட்டம் சொல்லும் ஓய்வுபெற்ற தபால்காரரின் குரல் அறவே காணாமல் போனது. மெக்கானிக் ஆன்டெனாவைக் கழற்றி மாட்டினார், கனெக்டர்களை முறுக்கினார். ஒன்றும் மசியவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாக்லேட்டைத் தாளோடு கடித்துவிட்டாராம்.

“சுரீர்னு மின்சாரம் பாஞ்ச மாதிரி இருந்துச்சு டாக்டர்!”

பல்லில் பழைய உலோக அடைப்பு. அதன்மேல் அலுமினியத் தாள். டாக்டருக்குப் பொறி தட்டியது. அவரை அனுப்பிவிட்டுப் போனை எடுத்தார்.

“தம்பி, நம்ம ரிப்பீட்டருக்குப் பல்கூச்சம்!”

“என்ன அண்ணி விளையாடறீங்க?”

“தாள் ஒரு உலோகம், பின்னல் வேற உலோகம். ரெண்டும் ஒட்டியும் ஒட்டாம உரசிட்டுக் கிடக்கு. இரைச்சல் அங்கதான் கிளம்புதுன்னு தோணுது. கேபிளை ஆட்டிப் பாரு.”

மாலையில் இருவரும் மேலே ஏறினார்கள். மெக்கானிக் கேபிளை லேசாக ஆட்டினார். கரகரப்பு எகிறியது. அதைக் கழற்றி, அண்ணி வாங்கி வந்திருந்த வெள்ளிப் பின்னல் கேபிளை அளந்து வெட்டிப் பொருத்தினார். ஆட்டினார். சத்தமே இல்லை.

“ஏம்ப்பா, நாலு நாளா தொண்டை கிழியக் கத்தறேன், யாருமே இல்லையா?” தபால்காரரின் குரல் தெளிவாகக் கேட்டது.

மெக்கானிக் மைக்கைப் பிடித்தார். “இருக்கோம் ஐயா. தப்பு என்மேலதான். அண்ணி அப்பவே சொன்னாங்க, நான் கேக்கல.”

ரிப்பீட்டர் அதைக் கிளப்பிலிருந்த அத்தனை பேருக்கும் ஓங்கிச் சொன்னது. டாக்டர் சிரித்தபடி மைக்கை வாங்கினார்.

“நீர்மட்டம் சொல்லுங்க ஐயா, எழுதிக்கிறேன்.”