மேலூர்த் தோப்புக் காடைகள்

பாப்பாயிக்கு வலது கண் மங்கத் தொடங்கியது முப்பத்தெட்டாவது வயதில். வரகனேரியில் பதினெட்டு வருஷம் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டியவள். "இனிமே கல்லுப் பக்கம் போகாதம்மா. இருக்கிற பார்வையையாவது காப்பாத்திக்க" என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சுருட்டுக் கம்பெனி முதலாளி ரெங்கராஜ் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்த் தோப்பில் காடை வளர்க்கிறார், தீனி போட ஆள் தேடுகிறார் என்று காதில் விழுந்ததும் மறுநாளே போய் நின்றாள். அது 1962.

ரெங்கராஜுக்கு நாக்குதான் எல்லாம். கல்கத்தாவில் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சமையல்காரன் அவர் காதில் ஒரு விஷயத்தை ஓதியிருந்தான். கண் தெரியாத பறவைக்கு இரவு பகல் கிடையாது, ஓயாமல் தின்னும், கறி வெண்ணெயாக இருக்கும் என்று. கோயில் ஊரில் இந்தச் சங்கதி வெளியே தெரியக் கூடாதென்று தோப்பைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கீற்று வேலி போட்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து அவளிடம் ஊசியையும் கறுப்பு நூலையும் நீட்டினார்.

"கல்லுக்குப் பட்டை போட்ட கை. உனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மேல் இமையையும் கீழ் இமையையும் சேர்த்து ரெண்டு தையல். அவ்வளவுதான்."

பாப்பாயி தைத்தாள். மறுத்தால் வேலை போகும் என்று தெரிந்துதான் தைத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. அதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்கிற வேகம் அவள் விரல் வழியாக ஏறித் தோள் வரைக்கும் வந்தது. ஊசி இறங்கும்போது காடை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. நாற்பது பறவை. தைத்து முடித்ததும் அவை தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து வெளிச்சத்தைத் தேடின. பிறகு தின்ன ஆரம்பித்தன. மூன்றே வாரத்தில் வயிறு தரையில் இழுபட்டது. ஒன்றையொன்று இடித்து, கால் விரலைத் தீனி என்று கொத்தி ரத்தக் காயமாக்கின.

வீட்டில் பாப்பாயி வலது கையால் சோறு பிசைய முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த காடைக் கூட்டம் வந்து இறங்கிய அன்று துணிந்து கேட்டுவிட்டாள். "ஐயா, தைக்கிற வேலைக்கு வேற யாரையாவது பாருங்க. தீனி போடுறேன், கூடு கழுவுறேன். இது மட்டும் என்னால ஆகலைங்க."

ரெங்கராஜ் பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்.

"உனக்குத்தான் பாதிக் கண்ணு போயாச்சே. மீதியையும் தைச்சு உட்கார வெச்சா நீயும் நல்லாத் தின்னு கொழுப்பே."

கணக்குப்பிள்ளையும் சிரித்தான். பாப்பாயி ஊசியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். போகும்போதே அவளுக்குள் ஏதோ ஒன்று கெட்டியாக உறைந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒன்றைக்கூட அவள் தைக்கவில்லை. கொட்டகையைச் சாக்குப் படுதாவால் இருட்டாக்கினாள். இருட்டில் காடைகள் அடங்கிக் கிடந்தன. முன் கூட்டில் இருந்த நாலைந்துக்கு மட்டும், ரெங்கராஜ் வருகிற நேரம் பார்த்து, இமையை மூடிக் கஞ்சிப் பசையில் கறுப்பு நூலை ஒட்டிவைத்தாள். அவர் ஒன்றைத் தூக்கிப் பார்ப்பார், "பேஷ்" என்பார், போவார். போனதும் வெந்நீர்த் துணியால் துடைத்துவிடுவாள். முந்தைய கூட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு தைத்த காடையைத் தனிக் கூடையில் வைத்துக் காப்பாற்றினாள்.

தை மாதம் மெட்ராஸிலிருந்து ஹோட்டல் முதலாளி தைரியராஜ் குடும்பத்தோடு வருவதாகச் செய்தி வந்தது. காடை பிடித்துப்போனால் மாதா மாதம் ரயிலேற்றலாம். ரெங்கராஜின் கன்டோன்மென்ட் பங்களாவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து.

"ஐயா," என்றாள் பாப்பாயி பணிவாக, "வெறும் கறியை வெச்சா எல்லாக் காடை மாதிரிதான்னு நினைச்சுடுவாங்க. உயிரோட ஒரு கூடை மேசையில வெச்சுக் காட்டினாத்தான் உங்க கைப்பக்குவம் தெரியும்."

ரெங்கராஜின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே, உனக்கும் மூளை இருக்கு!"

ஞாயிறு காலை முப்பது காடைகளை ஒரு பெரிய கூடையிலும், தைத்த ஒன்றைத் தனிக் கூடையிலும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். சமையல்காரர் அற்புதசாமி பெரிய கூடையின் மூடியைத் தூக்கினார். முப்பது காடைகளும் அவரைப் பார்த்து விழித்தன. அவர் மூடியை மெல்ல வைத்தார்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பார்க்கலை."

"நான் எதைம்மா பார்த்தேன்?" என்றார் அவர். "கொல்றது என் தொழில். கண்ணைத் தைச்சு வதைக்கிறது இல்லை." காடை ஒன்றைக்கூட அறுக்காமல், விருந்துக்கு அன்றைக்கு அவர் சமைத்தது ஆட்டுக்கறி மட்டும்.

சாப்பாட்டு அறையில் வெள்ளை விரிப்பு. நடுவில் கறுப்புத் துணி மூடிய கூடை. பாப்பாயி சமையலறை வாசலில் நின்றாள். ரெங்கராஜ் எழுந்து, இருட்டில் வளர்ந்த பறவை, கண்ணை நூலால் கட்டிய பறவை என்று பெருமையடித்தார்.

"கண்ணைத் தைக்கிறதா?" என்றார் தைரியராஜின் மனைவி, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்து.

"பாருங்களேன்!" என்று ரெங்கராஜ் துணியை உருவினார்.

முப்பதும் ஒரே நேரத்தில் எழும்பின. மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பாயி அதை நினைத்தே பார்க்கவில்லை. ரத்தமும் இறகும் விரிப்பின் மேல் தெறித்தன, குழம்பில் விழுந்தன, ரெங்கராஜின் பட்டு ஜிப்பாவில் விழுந்தன. பெண்கள் அலறினார்கள். அற்புதசாமி ஓடிவந்து விசிறியை நிறுத்தி ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

"தைக்கிறதெல்லாம் சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுங்க," என்று ரெங்கராஜ் திக்கினார். "பார்த்தீங்கல்ல, பறந்துச்சே!"

பாப்பாயி உள்ளே நடந்து வந்து, மடியிலிருந்த காடையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அது நகரவில்லை. தலையை மட்டும் சாய்த்து ஆட்டியது.

"இது நான் தைச்சதும்மா. இவரு தைக்கச் சொன்னாரு. மாட்டேன்னதுக்கு என் கண்ணையும் தைக்கிறேன்னாரு."

தைரியராஜின் மனைவி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே நடந்தார். தைரியராஜும் மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ரெங்கராஜ் கையை ஓங்கினார். பாப்பாயி நகரவில்லை, முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கூடக் காட்டினாள். அற்புதசாமி கையைத் துடைத்தபடி நடுவில் வந்து நின்றார். ஓங்கின கை அப்படியே இறங்கியது.

விசிறியில் அடிபட்டுச் செத்தவை ஆறு. அந்த ஆறும் தன்னால்தான் என்று பாப்பாயிக்குத் தெரியும். தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தாள். தைத்த காடைக்கு வீட்டில் பிளேடால் நூலை அறுத்தாள். ஒரு கண் திறந்தது, மற்றது சீழ் பிடித்திருந்தது. ஒன்பது நாள் உயிரோடு இருந்தது.

ஒரு வாரத்துக்குள் சேதி ஸ்ரீரங்கம் முழுக்கப் பரவியது. தோப்புக் கொட்டகையை ரெங்கராஜே பிரித்துப்போட்டார். அற்புதசாமி ரயில்வே கேன்டீனில் சேர்ந்துகொண்டார். பாப்பாயி காந்தி மார்க்கெட்டில் கீரை விற்க உட்கார்ந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் ரெங்கராஜின் கார் அவள் கடை எதிரில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். பாப்பாயி கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, இமை கொட்டாமல் அவரைப் பார்த்தாள். ரெங்கராஜ் பேப்பரை எடுத்தார், வைத்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கடைசியில் அந்த வெயிலிலும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு ருசித்தது.