சத்தம் போடாத சக்கரம்

மதியம் அவர் கண் விழித்தபோது மகன் சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. தண்ணீர்கூட இன்னும் வடியவில்லை. வாசலில் வேன் இல்லை. தள்ளுகதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. இன்றைக்கும் கோட்டை விட்டாயிற்று.

எல்லாம் அவர் கையாலேயே செய்துகொண்டது. விடியுமுன் லேத்துப் பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். சரக்கு வேன் ஓட்டும் மகன் ராத்திரி திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார். மனைவி போனபின் அப்பாவும் பிள்ளையும் முகம் பார்த்துக்கொள்வது, அவன் சாப்பிட வரும் மதியத்தில்தான். வேலை முடிந்து வந்து கட்டையைச் சாய்த்தவரை, முன்பெல்லாம் அவன் தள்ளும் கதவின் இரும்புச் சக்கரங்கள் தெருவே அதிர எழுப்பிவிடும்.

"இந்தச் சத்தத்துல உங்க தூக்கமே போகுதுப்பா. பட்டறையில நைலான்தானே கடையறீங்க? அதுல சக்கரம் போட்டா என்ன?" என்றான் ஒருநாள்.

மகன் அவரிடம் ஒன்றைக் கேட்டு வருஷங்களாகியிருந்தன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. சீவல் வெள்ளை நாடாவாகச் சுருண்டு விழ, நாலு சக்கரம் கடைந்தார். நைலான் எண்ணெய் கேட்காது, துருப்பிடிக்காது, இரும்பில் உரசினாலும் முனகாது. ஒரே குணக்கேடு, ஈரம் குடித்தால் பெருக்கும். அதற்காக அச்சு நுழையும் துளையை மயிரிழை தளர்வாக விட்டார். கதவு பூனை மாதிரி நகர்ந்தது. மகனும் பூனை மாதிரி வந்துபோக ஆரம்பித்தான்.

"எழுப்பக் கூடாதாடா?" என்று போனில் கேட்டுப் பார்த்தார்.

"நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க. மனசு வரலப்பா."

அக்கறையா, அப்பன் முகத்தில் விழிக்காமல் தப்பிக்க ஒரு சாக்கா? இன்னொரு தடவை கேட்க வாய் வரவில்லை. ஆளில்லாத வீட்டில் தனியாக இருந்துவிடலாம். மகன் வந்துபோன வீட்டில் தனியாக இருப்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒரு மழைக்காலம் அப்படியே போயிற்று. அடுத்தது வருமுன், நாலு சக்கரங்களையும் புதிதாகக் கடைந்தார். இந்தத் தடவை துளையில் தளர்வே விடவில்லை. தொழிலுக்கு வந்த நாளாக, தெரிந்தே ஒரு வேலையைக் கெடுத்தவரில்லை அவர்.

பக்கத்து லேத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே இவ்வளவு இறுக்கம்? மழைக்கு அச்சோட பிடிச்சுக்குமே."

"பிடிக்கட்டும்."

புதுச் சக்கரங்களை மாட்டி, மழை தொடங்கியும் கதவு சில நாள் லேசாகவே நகர்ந்தது. அவரும் வழக்கம்போலத் தூங்கிப்போனார். பிறகொரு மதியம் வெளியிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, கதவு நகரலப்பா."

சட்டைகூடப் போடாமல் ஓடினார். அவர் இழுக்க, அவன் தள்ள, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழிவிட்டது. சொட்டச் சொட்ட உள்ளே வந்த மகன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். "போன மழைக்கு நல்லா ஓடுச்சே?"

"நைலான் அப்படித்தான். தண்ணி குடிச்சா பெருக்கும்."

மகன் சக்கரத்தை விரலால் தடவினான். அழுக்கேறாத புது வெள்ளை. நிமிர்ந்து அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவர் எங்கோ பார்த்தார்.

"எப்பப்பா சரியாகும்?"

"வெயில் வரணும்."

மகன் வானத்தைப் பார்த்தான். "இப்போதைக்கு வராது போலிருக்கே" என்று சொல்லி, கதவைச் சாத்த நனைந்த தோளைக் கொடுத்தான். அவரும் பக்கத்தில் போய்த் தோள் கொடுத்தார்.