தெரிந்த வரையில்

நெல்லித்தோப்பில் தெரேஸ் அம்மாளின் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருந்தது. கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள் யாராவது பெண் பார்க்கப் போனாலும், வீட்டு வேலைக்கு ஆள் வைத்தாலும், "எதுக்கும் தெரேசம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்பார்கள். முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் அவள். பொய்ச் சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்கு வரும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கும். கோர்ட்டில் போய் நின்று சொல்வது மட்டும் பொய்ச் சாட்சி இல்லை, தெரியாததற்குத் தெரியும் என்று தலையாட்டுவதும் அதில் சேர்த்திதான் என்பாள். பிள்ளைகளுக்கு அது பாதி புரியும். எப்போது வெளியே விடுவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கணவர் போய் ரொம்ப வருஷமாகிவிட்டது. மகன் பிரெஞ்சு தேசத்தில், துலூசில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீடு திரும்பும் நேரம் பார்த்து போனில் முகம் காட்டுவான். பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். "மருந்து சாப்படறியா?" "ம்." "மழையா அங்க?" "இல்ல." அவ்வளவுதான். மீதி வாரம் முழுக்க அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்டதென்றால் அது ஜெசிந்தாவால்தான்.

ஜெசிந்தா மாடியில் குடியிருந்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விருத்தாசலம் பக்கம் ஏதோ ஊர். வாடகைக்கு வந்தபோது, ரெண்டு பெட்டியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான் அவளிடம் இருந்தன. முதல் வருஷம் படியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. தெரேசுக்கு ஒருமுறை விஷக்காய்ச்சல் வந்தபோது, டூட்டி முடித்து வந்த களைப்போடு மூன்று நாள் கீழேயே படுத்துக் கவனித்துக்கொண்டாள். அதற்கப்புறம் மாடியில் அவள் அடுப்பு பற்றவைக்கவே இல்லை. சாயங்காலம் இரண்டு பேருக்குமாக தெரேஸ் தோசை ஊற்றுவாள். ஜெசிந்தா ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொல்லுவாள். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த போலீஸ்காரர் கதையை மட்டும் தெரேஸ் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

ஊரைப் பற்றி ஜெசிந்தா பேசியதில்லை. அம்மா அப்பா இல்லை, அண்ணன் ஒருத்தர், அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது. இந்த மூன்று விஷயத்தைத் தெரிந்துகொள்ளவே தெரேசுக்கு ஒரு வருஷம் பிடித்தது. வருஷத்துக்கு ஒருமுறை, மாசி மாதத்தில், அவள் கோயிலில் ஒரு பூசைக்குப் பணம் கொடுப்பாள். இறந்த செல்வநாதனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று சாமியார் வாசிப்பார். "யாரு ஜெசிந்தா அது?" என்று தெரேஸ் ஒருதடவை கேட்டாள். "சொந்தத்துல ஒருத்தருக்கா" என்றாள். சொன்ன விதத்தில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் இருந்தது. தெரேஸ் அப்புறம் கேட்கவில்லை.

உப்பளம் பகுதியில் இருந்த அமலதாஸ் ஜெசிந்தாவைக் கல்யாணத்துக்குக் கேட்டது போன வருஷம் கார்த்திகையில். மின்துறையில் வேலை. மனைவி இறந்துபோய், பிள்ளைகளும் இல்லாத மனிதர். தன் அம்மாவைச் சேர்த்திருந்த வார்டில் அவளைப் பார்த்திருக்கிறார். அதிகம் பேசாதவர்; பேசினால் வார்த்தையை அளந்து வைப்பவர். நாற்பதைத் தாண்டிய ஜெசிந்தா சின்னப் பெண் மாதிரி முகம் சிவந்து வந்து அதைச் சொன்னபோது, தெரேஸ் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே, இனி சாயங்காலம் தோசைக்கல்லை எடுக்க வேண்டியிருக்காது என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பதற்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தெரிந்தவர்கள் சாமியார் முன் வந்து சாட்சி சொல்ல வேண்டும். ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களா, தடை ஏதும் உண்டா என்று விசாரிப்பார். அமலதாசுக்குச் சொல்ல உப்பளமே இருந்தது. ஜெசிந்தாவுக்கு தெரேஸை விட்டால் ஆளில்லை.

"சின்ன வயசுலேர்ந்து தெரியும்னு சொல்லிடுங்கக்கா" என்றாள் ஜெசிந்தா, தட்டில் சட்னியைத் தள்ளிக்கொண்டே. "கல்யாணம் ஆவலன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான்."

"இங்க வந்ததுலேர்ந்து தெரியும்னு சொல்றேன்."

"அது போதாதுன்றாரு சாமியாரு. அண்ணன கூட்டியாரச் சொல்றாரு. அது வருமா?"

தெரேஸ் அடுப்பைத் தணித்தாள். "ஜெசிந்தா, முன்ன நடந்தது எதனா இருந்தா எங்கிட்ட சொல்லு. எதுவா இருந்தாலும் சரி. தெரிஞ்சிக்கிட்டா தெரியும்னு சொல்லிட்டுப் போறேன்."

ஜெசிந்தா கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். "எம்மேல நம்பிக்கை இல்லியாக்கா?"

"இருக்கு."

"அப்பறம் என்னா?"

செல்வநாதன் யார் என்று கேட்க தெரேசுக்கு நாக்கு வரை வந்தது. ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. "வரேன், போ" என்றாள். அந்த 'வரேன்' என்பதை ஜெசிந்தா சம்மதமாக எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

தெரேஸ் ஜெபமாலையைக் கையில் எடுத்தாள், ஜெபம் ஓடவில்லை. ஆறு வருஷம் ஒரு தட்டில் சாப்பிட்ட மாதிரி இருந்துவிட்டு, ஒரு வார்த்தைக்குக் கணக்குப் பார்ப்பதா? பொய்யாக இருந்தால்தான் யாருக்கு என்ன நஷ்டம்? இப்படி ஒரு பக்கம் வாதாடினாள். இன்னொரு பக்கம் அதைவிட மோசமான கேள்வி ஒன்று எழுந்தது. நிஜமாகவே கட்டளைக்குப் பயந்துதான் தயங்குகிறாளா, அல்லது இந்தக் கல்யாணம் நின்றுபோனால் மாடி காலியாகாது என்று உள்ளே யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்களா? மனசைத் துழாவிப் பார்த்தாள். இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்து மூவரும் சாமியார் வீட்டுக்குப் போனார்கள். புதிதாக வந்த இளம் சாமியார். ஜெசிந்தாவும் அமலதாசும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தெரேஸ் உள்ளே போனதும், சாமியார் வேத புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கை வைத்தாள்.

"இந்தப் பெண்ணை உங்களுக்கு எவ்ளோ காலமாத் தெரியும்மா?"

"எங்க வீட்டுக்குக் குடி வந்ததுலேர்ந்து. ஆறு வருசம் இருக்கும்."

"ஆளு எப்படி?"

"தங்கமான மனுஷி சாமி. எனக்கு முடியாதப்ப பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டா. இந்த ஆறு வருசத்துல ஒரு தப்பு பாத்ததில்ல."

"முன்னாடி கல்யாணம் ஆச்சா?"

சுவரில் மின்விசிறி நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே அமலதாஸ் இருமுவது கேட்டது. ஒரு 'இல்ல' போதும். அது நிஜமாகவும் இருக்கலாம்.

"தெரியாது சாமி."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இல்லேன்னு சொல்வீங்கன்னுதான் அவங்க சொன்னாங்க."

"இங்க வந்தப்பறம் ஆவல. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது."

"சரிம்மா" என்றார் அவர். "அப்ப அவங்க ஊரு சாமியாரைத்தான் கேக்கணும்."

தெரேஸ் வெளியே வந்ததும் ஜெசிந்தா எழுந்து நின்றாள். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வந்த ஆட்டோ வாசலிலேயே நின்றது. "நீங்க போங்கக்கா, நான் டூட்டிக்கு நேரா போறேன்" என்றாள். அன்று அவளுக்கு விடுமுறை.

அன்று சாயங்காலம் தெரேஸ் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தோசை ஊற்றி, படிக்கட்டடியில் நின்று கூப்பிட்டாள். "பசிக்கலக்கா" என்று மேலிருந்து குரல் வந்தது. மறுநாளும் அதுவேதான். மூன்றாம் நாள் மாடியில் குக்கர் விசில் கேட்டது. தெரேஸ் அதைக் கேட்டபடி கீழே உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து ஜெசிந்தா தன் பெட்டிகளோடு ஆஸ்பத்திரி விடுதிக்குப் போய்விட்டாள். சாவியை ஜன்னல் கம்பி வழியாக நீட்டி, "வரேங்க்கா" என்றாள். அவள் கண்ணைப் பார்க்க தெரேஸ் முயன்றாள். ஜெசிந்தா சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலையும் ஃபேனையும் எடுத்துப் போக அமலதாஸ் ஒரு குட்டி யானை வண்டியோடு வந்தார். சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே கூடத்தில் வந்து உட்கார்ந்தார். தெரேஸ் காபி கொடுத்தாள்.

"உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சி" என்றார். "அவகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். அவளுக்குச் சின்ன வயசுல கல்யாணம் ஆயிருக்கு. அவுரு குடிச்சிக் குடிச்சி ஈரல் போயிப் படுத்துட்டாரு. அடி தாங்காம இவ அதுக்கு முன்னயே கெளம்பி வந்துட்டா. செத்தப்ப கூட இல்ல. பொண்டாட்டி விட்டுட்டுப் போனதாலதான் செத்தான்னு அவுங்க வூட்ல சொல்லிட்டாங்க. இவ அண்ணனும் அதையே சொல்லிச்சி. நானும் அப்படித்தான் சொல்வேன்னு நெனச்சிட்டா."

"செல்வநாதன்" என்றாள் தெரேஸ்.

"ஆமா. இப்ப ஊரு சாமியாரு சொல்லிட்டாரு, தடை ஒண்ணுமில்ல. அவுரு எறந்து வருசக்கணக்காச்சி." காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கி நீங்க தெரியாதுன்னு சொன்னதாலதான் அவ எங்கிட்ட வாயத் தெறந்தா. இல்லேன்னா காலம் பூரா அத வெச்சிக்கிட்டே எங்கூட இருந்திருப்பா."

தெரேஸ் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் என்னா பண்ணியிருக்கப்போறேன்."

"அதான் அவளுக்குக் கோவம். நீங்க ஒருத்தர் கேக்காமலே சேத்துக்கிட்டீங்கன்னு நெனச்சிட்டிருந்தாளாம். நீங்களும் கேட்டுட்டீங்க."

"கோவம் ஆறுமா?"

அமலதாஸ் யோசித்தார். ஆறும் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். "எனக்குத் தெரியலம்மா" என்றார். எழும்போது சட்டைப் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கல்யாணத்துக்கு தெரேஸ் போனாள். உப்பளத்தில் கோயில் நிறைய அமலதாசின் சனம். பெண் பக்கத்துப் பெஞ்சுகளில் நாலைந்து நர்சுகள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தனி வரிசையில் தெரேஸ் உட்கார்ந்தாள். ஜெசிந்தா வெள்ளைப் புடவையில் கணீரென்று கல்யாண வார்த்தைப்பாடு கொடுத்தாள். குரல் நடுங்கவில்லை. அதைக் கேட்டபோது தெரேசுக்கு ஒரு கணம் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் தன் பங்கு எது, தன் குற்றம் எது என்று பிரித்துப் பார்க்கும் வேலையை அவள் விட்டுவிட்டாள்.

பூசை முடிந்து வரிசையில் நின்று வாழ்த்தினார்கள். தன் முறை வந்ததும் தெரேஸ் அவள் நெற்றியில் சிலுவை வரைந்தாள். ஜெசிந்தா அதற்குக் குனிந்துகொடுத்தாள்.

"வந்தீங்களாக்கா. சாப்ட்டுத்தான் போவணும்" என்றாள். அடுத்து நின்றவர்களிடமும் அதையே, அதே சிரிப்போடு சொன்னாள்.

தெரேஸ் சாப்பிட்டாள். பிரியாணி நன்றாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அமலதாசின் அத்தை, "நீங்க பொண்ணுக்கு என்னா வேணும்?" என்று கேட்டாள்.

"எங்க வீட்ல குடியிருந்தா" என்றாள் தெரேஸ்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் வந்தான். மாடிக்கு ஆள் பார்த்தாயா என்று கேட்டான். தனியாக இருக்க வேண்டாம், நல்லவங்களா விசாரிச்சி வை என்றான். "பாக்கறேன்" என்றாள். போனை வைத்துவிட்டு மாடிக்கு ஏறிப்போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. அங்கே பெருக்கி முடித்து, வெயில் ஏறும் வரை அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.