சாடியின் வயது

றோசலின் பூச்சாடியைக் கம்பளியில் சுற்றி மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு டயகம பஸ்ஸில் வேலைக்குப் போனாள். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை ஒரு சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். அப்பா என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

அப்பா வெள்ளைக்காரர். தேயிலைத் தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் இலங்கை அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டபோது பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார். அம்மா சவரியம்மா பங்களாவில் ஆயா. மற்றதை நான் விளக்க வேண்டியதில்லை. தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் நெருக்கியடித்துக் கிடந்த லயத்தில் யாரும் அதை விளக்காமலும் விடவில்லை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கிற சுவர்கள் அவை. போதாததற்கு றோசலின் பூனைக்கண்ணும் செம்பட்டை முடியுமாகப் பிறந்து தொலைத்தாள்.

அந்தப் பங்களா இப்போது ஹோட்டல். றோசலின் அங்கேதான் அறைகளைத் துப்புரவாக்கிப் படுக்கை விரிப்பு மாற்றுகிறாள். முன்கூடத்தில் துரைமார் காலத்துச் சீனச் சாடி ஒன்று நிற்கிறது, வெள்ளையில் நீலப் பூ. வீட்டில் இருப்பதும் அதே நீலம், அதே பூ, கொஞ்சம் குட்டை. ஜோடியில் ஒன்றைத் துரை மகளுக்கென்று விட்டுப்போனார் என்பது அவளுடைய நம்பிக்கை. "போறப்ப புள்ளைக்குன்னு குடுத்துட்டுப் போனாரு" என்று அம்மாதான் சொல்லி வளர்த்தாள்.

ஹோட்டல் முதலாளி பழைய சாமான்களுக்கு வயது பார்க்கக் கொழும்பிலிருந்து விஜேகோன் என்ற பெரியவரை அழைத்திருந்தார். றோசலின் தயங்கித் தயங்கிச் சிங்களத்தில் கேட்டாள், என்னிடமும் ஒன்று இருக்கிறது, பார்ப்பீர்களா என்று. நாளைக்குக் கொண்டு வா என்றார் அவர். விற்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. இரண்டும் ஜோடிதான் என்று படித்த மனிதர் ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் போதும். அப்பா மகளை நினைத்தார் என்பது ஊருக்கு நிச்சயமாகிவிடும்.

மறுநாள் காலையில் சவரியம்மா மறித்துத்தான் பார்த்தாள். "அத ஏன்டி தூக்கிகிட்டு அலையிற? ஒடஞ்சி கிடஞ்சி போகப்போவுது."

"ஒடையாதும்மா, நீ சும்மா இரு."

விஜேகோன் முதலில் முன்கூடத்துச் சாடியைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் சீன எழுத்தில் ஓர் அரசன் பெயர். அதை நம்பி வயது சொல்லக் கூடாதாம். பழைய அரசன்மேல் மரியாதை வைத்து, நூறு இருநூறு வருஷம் பிந்தி வந்தவர்களும் அவன் பெயரை எழுதிவிடுவார்களாம். பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். தூரிகை ஓடிய தடமும், நீலம் தேங்கிக் கறுத்த இடமும் தெரிந்தன. மெருகு பூசாத அடி விளிம்பு தேய்ந்து, அழுக்கு ஊறிப் பழுப்பேறிக் கிடந்தது. நூற்றைம்பது வருஷமாவது இருக்கும் என்றார்.

பிறகு கம்பளியைப் பிரித்தார். பார்த்த மாத்திரத்திலேயே அவர் முகம் மாறியதை றோசலின் கவனித்தாள்.

கண்ணாடி வழியே இதில் தூரிகைத் தடம் இல்லை. பேப்பரில் அச்சடித்த படம்போல எல்லாம் சின்னச் சின்னப் புள்ளி. ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் இம்மி வித்தியாசம் கிடையாது. அவர் சாடியைக் கவிழ்த்தார். அடியில் காசளவு இடம் மட்டும் மெருகு போய்ச் சொரசொரத்தது. கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது, அழிந்த சிவப்பு முத்திரை ஒன்று நிழலாகத் தெரிந்தது.

"சீனாவில் செய்தது என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது, அம்மா" என்றார் மெதுவாக. "எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கடைகளில் வந்து குவிந்த சாமான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. யாரோ முத்திரையைச் சுரண்டி உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். யாரிடம் வாங்கினீர்கள்?"

துரை போனது எழுபத்தைந்தில். இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. "வாங்கல ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு றோசலின் சாடியைக் கம்பளியில் சுற்றினாள். அன்றைக்கு எந்த அறையில் எந்த விரிப்பைப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டில் சவரியம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். றோசலின் சாடியை அவள் முன்னால் வைத்தாள்.

"அடியில சொரண்டுனது யாரும்மா?"

கிழவி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "கண்டுபுடிச்சிட்டாரா?"

"நான் ஒன்னத்தான் கேக்குறேன்."

"நான்தான். மணலப் போட்டுத் தேச்சேன். லேசுல போகல சனியன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஹட்டன் டவுன் கடையில வாங்குனது. பங்களாவுல நித்தம் தொடச்ச சாடி, எனக்கு மனப்பாடம். அது மாதிரியே இருக்கான்னு பாத்துப் பாத்து எடுத்தேன்."

"ஏம்மா இப்புடிப் பண்ணுன?"

"ஸ்கூல் விட்டு அழுதுகிட்டு வந்தியே. ஒங்கப்பன் ஒனக்கு என்ன குடுத்தான்னு புள்ளைங்க கேட்டுச்சின்னு சொன்ன. நான் என்னத்தடி காட்டுறது? பொட்டிக்குள்ள இருந்துச்சின்னு இத எடுத்துக் குடுத்தேன். அன்னிக்கு நீ சிரிச்ச."

றோசலினுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கத்தத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அவரு என்னயப் பத்தி ஒரு வார்த்தையாச்சும் சொன்னாரா?"

சவரியம்மா மாவை உருட்டினாள், திரும்பவும் பிசைந்தாள்.

"போற அன்னிக்கு ஒன்னயக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தூக்கிகிட்டு ரோட்டோரமா நின்னேன். காரு வந்துச்சி. நிப்பாட்டுவாருன்னு நெனச்சேன். கண்ணாடிய ஏத்திகிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, மழ வந்துருச்சி. ஒனக்குச் சளி புடிச்சிரும்னு உள்ள வந்துட்டேன்."

றோசலின் அந்த மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். இல்லாத அப்பனுக்காகக் கொஞ்சம். மீதியெல்லாம் எதிரில் இருந்தவளுக்காக. வீட்டில் எத்தனை சண்டை வந்திருக்கும்! ஒவ்வொரு சண்டையிலும் இந்தச் சாடியைக் காட்டி, "எங்கப்பாவுக்கு எம்மேல இருந்த பாசத்துல பாதி ஒனக்கு இருந்திருக்கா?" என்று பெற்றவளைக் கேட்டிருக்கிறாள். ஒருமுறைகூட, அது நான் வாங்கினது என்று சவரியம்மா சொன்னதில்லை.