வாளியில் இருந்த நாற்பது மீன்கள்

1

இந்தக் கதை கொழும்பை ஒட்டிய தெஹிவளையில் ஒரு மீன் கடையில் எனக்குக் கிடைத்தது. சாப்பிடுகிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன். கடைக்காரர் நிலாம் சொன்னார்: "ஒரு தங்கச்சி வந்து கேட்டா, எங்கட மீனுக்குக் கூட்டாளி ஒண்டு வேணும், அது தின்னாத கூட்டாளியாப் பாத்துத் தாங்கண்டு." இந்த ஒரு வரியை வைத்தே கதை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. யாராவது வாய் திறந்தால் போதும், காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம்.

நான்கு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"கடல் அன்றைக்கு—" வேண்டாம். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு எழுதுகிற எல்லோரும் கடலில்தான் தொடங்குகிறார்கள்.

"சுபோதினி பார்ப்பதற்கு—" அதுவும் வேண்டாம். அவள் எப்படி இருந்தால் உங்களுக்கென்ன.

"மீன்களுக்கும் மனிதர்களுக்கும்—" இதை எழுதியதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்காவது இது:

மிதுஷன் டொரண்டோவுக்குப் போனபோது வெள்ளவத்தை பிளாட்டில் இரண்டு பேரை விட்டுப் போனான். ஒன்று, ஐந்தடித் தொட்டியில் இருந்த ஒஸ்கார் மீன். அதற்குப் பெயர் பொஸ். மற்றது, கலியாணம் கட்டி எட்டு மாதமான மனைவி சுபோதினி. தினமும் மாலை ஏழு மணிக்கு, அங்கே வேலை தொடங்குவதற்கு முன், வீடியோவில் வருவான். முதலில் பொஸ்ஸைக் காட்டச் சொல்வான்.

2

பிளாட்டில் மேலும் இரண்டு பேர் இருந்தார்கள். மிதுஷனின் தாய் சரோஜினிதேவி, தங்கை சிவானி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்தைந்து வருடமாகியும், சரோஜினிதேவி கொழும்பை இன்னும் வாடகை வீடாகத்தான் நினைத்திருந்தார். மருமகள் ஜிந்துப்பிட்டி, கொழும்புத் துறைமுகத்தை ஒட்டிய தொழிலாளர் தெருக்கள். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மகன் பிடிவாதம் பிடித்துக் கட்டியது. உறவினர் கேட்டால் "பொம்பிளை கொழும்புதான்" என்று மாமியார் சொல்வார். கொழும்பில் எங்கே என்று அடுத்த கேள்வி வருவதற்குள் தேத்தண்ணீர் போட எழும்பிவிடுவார்.

சுபோதினி பிறந்ததிலிருந்து "ஆமா" என்று சொல்லி வளர்ந்தவள். இந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் கிழமையே யாழ்ப்பாணத்தார் மாதிரி "ஓம்" சொல்லப் பழகிவிட்டாள். யாரும் பழகச் சொல்லவில்லை. ஒவ்வொரு "ஆமா"வுக்கும் ஒரு சின்ன மௌனம் விழுந்தது, அவ்வளவுதான்.

அவளைக் கனடாவுக்கு எடுப்பதற்கு மிதுஷன் கையெழுத்திட வேண்டிய படிவங்கள் அவனிடமே கிடந்தன. முதலில் வேலை நிரந்தரமாகட்டும் என்றான். பிறகு வீடு மாறட்டும் என்றான். இப்போது தீபாவளி முடியட்டும் என்று சொல்லியிருந்தான். அவள் அந்தக் கையெழுத்துக்காகவே அந்தத் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

(சிவானிக்கும் அங்கே ஒரு கல்லூரியில் இடம் எடுத்துத் தருவதாக அவன் சொல்லியிருந்தான். சிவானியைப் பற்றி இவ்வளவு போதும். அவள் கதைக்கு முக்கியமில்லை.)

3

"அவன் தனிச்சுப் போனான் போல கிடக்கு. கூட்டுக்கு ஏதாவது வாங்கிப் போடு" என்று மிதுஷன் ஒரு நாள் சொன்னான்.

பொஸ்ஸைத்தான் சொன்னான். சுபோதினி "ஓம்" என்றாள். மறுநாள் பஸ் ஏறித் தெஹிவளைக்குப் போனாள்.

"உங்கட மீன் என்ன சைஸ்?" என்று நிலாம் கேட்டார்.

"ஒரு சாண் இருக்குங்க."

"அப்ப குட்டி மீன் ஒண்டும் சரிவராது தங்கச்சி. வாய்க்குள்ள போற அளவில ஈக்கிறதெல்லாம் அதுக்குத் தீன்தான். கூட்டாளியெண்டா அதுட வாயை விடப் பெரிசா ஈக்கணும். சண்டைக்குப் போறதும் வாணாம், பயந்து மூலையில நிக்கிறதும் வாணாம். பயந்து நிக்கிறதைத்தான் அது முதல்ல அடிக்கும்."

சுபோதினி ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டு போனாள். உள்ளங்கை அளவில், செம்மஞ்சள் நிறத்தில், வாயை மூடத் தெரியாத மாதிரி ஒரு பெரட் மீன் இருந்தது. அதைக் காட்டினாள். நிலாம் தலையாட்டினார்.

"இது தாக்குப் பிடிக்கும். ஆனா ஒண்டு செல்றன். புதுசைப் போட முதல், உள்ளுக்கு ஈக்கிற கல்லு, கட்டை எல்லாத்தையும் இடம் மாத்தி வைங்க. பழையதுக்குத் தன்ட இடம் எதெண்டு மறந்து போகணும். அப்பதான் புதுசுக்கு ஒரு மூலையாவது கிடைக்கும்."

அவள் அந்த பிளாட்டுக்கு வந்த அன்று ஒரு கதிரையைக்கூட யாரும் நகர்த்தி வைக்கவில்லை. அலுமாரியில் மிதுஷனின் கிரிக்கெட் கிண்ணங்கள் இருந்தபடியே இருந்தன. அவளுடைய உடுப்புகள் இன்னமும் கட்டிலுக்கடியில் சூட்கேஸில்தான்.

(மேலேயுள்ள பந்தியை மூன்று தரம் வெட்டினேன். கதை கையைப் பிடித்து உவமைக்குள் இழுக்கிறது என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஆனால் இதை நான் யோசிக்கவில்லை, அவளே நிலாமிடம் சொன்னாள். கதிரையைப் பற்றிச் சொன்னாள், சூட்கேஸைப் பற்றியும் சொன்னாள். சொந்த வீட்டில் சொல்ல ஆளில்லாதவர்கள் கடைக்காரரிடம்தான் சொல்வார்கள்.)

பிறகு தீனி. இறாலை உரித்துப் போடுங்கள், குளிகைத் தீனி போடுங்கள், உயிர் மீன் தேவையே இல்லை என்றார் நிலாம்.

"அவருக்கு அது பாஞ்சு பிடிக்கிறதப் பாக்கணுமாம்" என்றாள் சுபோதினி.

நிலாம் கொஞ்சம் யோசித்தார். நாற்பது சின்னக் கப்பி மீன்களைப் பையில் பிடித்துக் கொடுத்தார். "கொண்டு போன உடன போட வாணாம். ரெண்டு கிழமை வேற வாளியில வைங்க. நோய் வருத்தம் ஏதும் ஈந்தா அதுக்குள்ள தெரிஞ்சிரும்."

"அடுத்த கிழமை கந்தசஷ்டிங்க. ஆறு நாள் வீட்டுல மச்சம் மாமிசம் எடுக்க மாட்டாங்க. மீனுக்கு என்னங்க செய்றது?"

"ஒண்டும் செய்ய வாணாம். இந்த சைஸ் மீன் ஆறு நாள் சும்மா கிடக்கும். நோன்பு எல்லாருக்கும் நல்லந்தானே."

"ஆமா" என்று சிரித்தாள். வீட்டுக்கு வெளியே அவளுக்கு அந்தச் சொல் தானாக வந்தது.

4

சரோஜினிதேவிக்கு அது நல்லதாகப் படவில்லை.

"விரத நாளில வாயில்லாச் சீவனைப் பட்டினி போடுறதோ?"

"அப்ப மாமி, இறால்—"

"இந்தக் குசினியில ஆறு நாளைக்கு இறால் உரிக்க ஏலாது. அந்தக் குளிகையும் வேண்டாம். பேணியில மீன் தூள் எண்டு எழுதிக் கிடக்கு."

ஆக, மீன் பட்டினி கிடக்கவும் கூடாது, யாரும் அதற்குச் சாப்பாடு போடவும் கூடாது. சுபோதினி "ஓம் மாமி" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் பட்டினி போடுவதென்று முடிவு செய்தாள். கல்லையும் கட்டையையும் இடம் மாற்றினாள். பெரட் மீனை விட்டாள். பொஸ் இரண்டு தரம் இடித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது. நாற்பது கப்பியும் பல்கனியில் ஒரு நீல வாளியில் ஓடித் திரிந்தன. வீடியோவில் மிதுஷன் வாளியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். "ரெண்டு கிழமையில நல்ல ஷோ ஒண்டு இருக்கு" என்றான்.

விரதம் தொடங்குவதற்கு முதல் நாள், சுபோதினி தீபாவளிப் பலகாரத்தோடு ஜிந்துப்பிட்டிக்குத் தாய்வீடு போனாள். பின்னேரம் திரும்பி வந்தபோது நீல வாளி பல்கனியில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் நாற்பது மீனும் நின்றன. இல்லை, நாற்பது இல்லை. பொஸ் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

வாளியைக் கவிழ்த்தது யார்?

முதல் பிரதியில் காகம் கவிழ்த்தது. காகம் கவிழ்த்தால் மீன் பல்கனியில்தான் கிடக்கும், தொட்டிக்குள் எப்படிப் போகும் என்று நானே கேட்டு வெட்டினேன்.

இரண்டாம் பிரதியில் வீட்டு வேலைக்கு வரும் பெண் ஊற்றினாள். அந்த வீட்டுக்கு வேலைக்குப் பெண் எவளும் வரவில்லை. அதற்குத்தான் சுபோதினி இருந்தாளே.

மூன்றாம் பிரதியில் சரோஜினிதேவி ஊற்றினார். இது கிட்டத்தட்டச் சரி. யோசனை அவருடையதுதான். "இண்டைக்கே எல்லாத்தையும் விட்டா, அது தனக்குப் பசிக்கிற நேரம் பிடிச்சுத் தின்னும். நாங்கள் கையால போட்டாத்தானே பாவம்." ஆனால் அவர் வாளியைத் தொடவில்லை. விரதத்துக்கென்று அப்போதே முழுகிவிட்டிருந்தார், இனி மீனில் கை படக்கூடாது.

5

சிவானி என்று மேலே எழுதியிருக்கிற இடங்களில் நான் என்று வாசியுங்கள்.

மீன் கடையில் கதை கிடைத்தது என்று தொடங்கினேன். பொய். நிலாமின் கடைக்கு நான் போனது எல்லாம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, காலித் தொட்டியை எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்க. கதை எங்கள் பல்கனியில்தான் கிடந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு போய், தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரே ஊற்றாக ஊற்றினேன். இரண்டு கிழமை தனியாக வைக்க வேண்டும் என்று மச்சாள் சுபோதினி சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு கடைக்காரர் சொன்னதைப் போய் அம்மாவிடம் யார் வாதாடுவது என்று நினைத்தேன். வாளி உடுப்புக் காயப்போட இடைஞ்சலாகவும் இருந்தது. இவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஒன்று கண்டுபிடிக்க இரண்டு நாள் முயன்றேன், கிடைக்கவில்லை.

6

மச்சாள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வலையை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். பதினொரு கப்பியை மீட்டாள். மற்றதெல்லாம் பொஸ்ஸின் வயிற்றில். அது பசிக்குத் தின்கிற மீன் இல்லை, கண்ணில் பட்டதைத் தின்கிற மீன். விரதக் கணக்கு அதற்குத் தெரியாது.

இரண்டாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீராக மாறியது. மூன்றாம் நாள் பொஸ்ஸின் செட்டைகளில் உப்புத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தன. கப்பிகளோடு வந்த வருத்தம் என்று நிலாம் போனில் சொன்னார். மச்சாளும் விரதம், ஒரு நேரம் பாலும் பழமும்தான். அந்த உடம்போடு வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினாள், அதே நீல வாளியால். நான் ஒரு நாள் உதவிக்குப் போனேன். "பரவால்ல சிவானி, நீ போ" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் பெரட் மீன் செத்தது. ஆறாம் நாள் நானும் அம்மாவும் சூரசங்காரம் பார்த்துவிட்டுக் கோயிலிலிருந்து வந்தபோது பொஸ் பக்கவாட்டில் மிதந்தது.

ஏழு மணிக்கு வீடியோவில் அண்ணா வந்தார். பொஸ்ஸைக் காட்டச் சொன்னார். காட்டினோம். போனைக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார். பிறகு கேட்டார்:

"ரெண்டு கிழமை வாளியில வைக்க வேணும் எண்டு சொன்னனீங்கள்தானே. அதுக்குள்ள ஆர் ஊத்தினது?"

நெற்றியில் திருநீறு காயாமல் அம்மா சொன்னார்: "அவள்தானே மீனைப் பாக்கிறவள்."

இந்த வசனத்தைப் பாருங்கள். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருபது வருடம் எழுதிப் பழகினாலும் இப்படி ஒன்று எனக்கு வராது.

மச்சாள் என்னைப் பார்த்தாள். நான் என் கைகளைப் பார்த்தேன். கல்லூரிக்கு அண்ணா பணம் கட்ட வேண்டிய கடைசித் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதைத்தான் நினைத்தேன், வேறெதையும் நினைக்கவில்லை.

"ஆமா" என்றாள் மச்சாள். "நான்தான்."

அந்த வீட்டுக்குள் அவள் "ஆமா" சொல்லி நான் ஒரு வருடமாகக் கேட்கவில்லை.

(அவள் என்னைக் காப்பாற்றினாள் என்று எழுதத்தான் கை போகிறது. அப்படி எழுதினால் அவள் தியாகியாகிவிடுவாள், நான் அழுதுவிட்டுத் தூங்கப் போகலாம். அவளுக்குக் களைத்துப்போயிருந்தது. இல்லை என்று சொன்னாலும் அந்த வீட்டில் யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.)

"ஒரு மீனை உயிரோட வச்சிருக்கத் தெரியேல்ல" என்றார் அண்ணா. "உன்னை நம்பி இஞ்ச என்னெண்டு நான் ஒரு குடும்பம் நடத்துறது?"

படிவங்களில் அவர் கையெழுத்து வைக்கவில்லை. தை பிறந்ததும் மச்சாள் சூட்கேஸை எடுத்துக்கொண்டு ஜிந்துப்பிட்டிக்குப் போனாள். அடுக்க ஒன்றும் இருக்கவில்லை, எல்லாம் ஏற்கெனவே அதற்குள்தான் இருந்தன. போன கிழமை விவாகரத்துக் கடிதம் அவளுக்குப் போயிருக்கிறது. என் விசாவும் போன கிழமைதான் வந்தது. பதினேழாம் திகதி பிளைட்.

7

முடிவுகள்.

ஒன்று: நான் ஜிந்துப்பிட்டிக்குப் போகிறேன். கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, வாளியை ஊற்றியது நான்தான் என்று சொல்கிறேன். மச்சாள்—

இது முடிவே இல்லை. அவளுக்கு அது தெரியும். தெரிந்தவளிடமே போய்ச் சொல்வது என் வசதிக்கு.

இரண்டு: டொரண்டோ போய் இறங்கி, படிப்பு முடித்து, ஒரு வேலையும் எடுத்து, பிறகு ஒரு நாள் அண்ணாவிடம்—

அதற்குள் அவள் விவாகரத்துக் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிடுவாள்.

மூன்று: இந்தக் கதையை அண்ணாவுக்கு அனுப்புகிறேன். அண்ணா கதை வாசிக்கிறவர் இல்லை. அதனால்தான் இதைக் கதையாக எழுதினேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நான்காவது ஒன்று இருக்கிறது. அது ஒரு வசனம்தான், எழுத வேண்டியதுகூட இல்லை, வாயால் சொன்னால் போதும். அண்ணா தினமும் ஏழு மணிக்கு இப்போதும் வீடியோவில் வருகிறார். மீன் இல்லாதபடியால் என் பயணப்பெட்டியைக் காட்டச் சொல்கிறார். அம்மா முன் அறையில் விளக்கேற்றுகிறார். நீல வாளியில் உடுப்பு ஊறுகிறது.

இப்போது ஆறு ஐம்பத்தைந்து.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. மச்சாளை உங்களுக்குத் தெரியும், அம்மாவைத் தெரியும், என்னையும் இவ்வளவு நேரத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். ஏழு மணிக்கு நான் என்ன சொல்வேன் என்று நீங்களே சொல்லுங்கள்.