நாலு நாளாவே அசையுது

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் இருந்தவர்கள்: கண்ணாடியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிக்கொண்டிருந்த மாமியார், அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார், லிஃப்ட் மெக்கானிக்கான மூத்த மகன், மருந்துக்கடையில் நிற்கிற இளைய மகன், இவர்கள் இருவரின் பெண்டாட்டிகள். ஆக ஆறு பேர். மாமியார் கணக்கில் எட்டு. வயிற்றில் இருக்கிற இரண்டையும் சேர்த்து எண்ணுவது அவளுக்கு இரண்டு மாதமாகப் பழக்கமாகியிருந்தது. சாப்பாட்டுக்கு எட்டுத் தட்டு எடுப்பாள். பிறகு இரண்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுத் தானே சிரித்துக்கொள்வாள்.

இளையவள் நாற்காலியில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பாதி உரித்ததை மடியில் போட்டுவிட்டு, "ஐயோ! அசையுது!" என்றாள்.

மருந்துக்கடைக்காரன் எழுந்த வேகத்தில் டீ டம்ளர் உருண்டது. மாமியார் கண்ணாடியை மறந்தாள். மாமனார் பேப்பரை மடித்தார். ஆளாளுக்கு ஒரு கையை அந்த வயிற்றின் மேல் வைத்தார்கள், தம்பி பெண்டாட்டி வயிறாயிற்றே என்று லிஃப்ட்காரன் மட்டும் இரண்டடி தள்ளி நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் தள்ளுங்கப்பா, பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது" என்று மாமனார் சொன்னார், தன் கையை மட்டும் எடுக்காமல்.

கொட்டின டீயை யாரும் கவனிக்கவில்லை. மூத்தவள் துணியைக் கொண்டுவந்து முட்டிபோட்டுத் துடைத்தாள். நேற்றுவரை அவள் தரையில் விழுந்த சீப்பை எடுக்கக் குனிந்தாலே நாலு பேர் கத்துவார்கள். இன்று முழங்கால் ஈரமாகத் துடைத்து முடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்தாள். அதுவரை ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

ஏழு வருஷம். எத்தனை ஊசி, எத்தனை மாத்திரை, எத்தனை மாதம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒருவழியாக உறுதியாகி, ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் சொன்னபோது மாமனார் எழுந்து நின்றார். அவர் யாருக்கும் எழுந்து நிற்கிறவர் இல்லை. அடுத்த ஒரு வாரம் அவள் அந்த வீட்டில் தரையில் கால் வைத்ததாகவே நினைவில்லை. எட்டாவது நாள் காலை, கல்யாணமாகி நாலே மாதமான இளையவள், தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "அத்தை, எனக்கும் தள்ளிப்போயிருக்கு போல" என்றாள். போல! ஏழு வருஷம் நாள்காட்டியில் வட்டம் போட்டவளுக்குப் பக்கத்தில் நின்று, போல.

அன்றிலிருந்து எல்லாம் இரண்டு இரண்டாக வந்தது. இரண்டு பழம், இரண்டு தலையணை, இரண்டு அறிவுரை. மூத்தவளுக்கு என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: ஒன்பது நாள். டாக்டர் போட்ட கணக்குப்படி அவளுடையது ஒன்பது நாள் மூத்தது. அந்த ஒன்பது நாளை அவள் யாரிடமும் சொல்லாமல் நகைபோலப் பூட்டி வைத்திருந்தாள். இன்று மதியம் அதையும் இளையவள் ஆரஞ்சுத் தோலோடு சேர்த்து உரித்துப் போட்டுவிட்டாள்.

"அக்கா, நீங்களும் வைங்க. சீக்கிரம், நின்னுடப்போகுது."

வைத்தாள். சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் டேபிளில் பதினோரு வருஷம் நின்ற கை அது. கண்ணை மூடிக்கொண்டு காலரைத் தடவி எங்கே தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடும். அந்தக் கைக்குக் கீழே, தோலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ விரலால் ஒரு சுண்டு சுண்டினார்கள். பொய் இல்லை. கற்பனை இல்லை. இருந்தது.

"உனக்கு எப்படிம்மா?" என்று மாமியார் கேட்டாள். "நீதானே முதல்ல சொன்னவ?"

கேள்வியில் ஒரு குத்தும் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

"எனக்கு நாலு நாளாவே அசையுது அத்தை."

"அடிக் கள்ளி! வாயைத் திறந்தியா பாரு! மூத்தவன்னா மூத்தவதான், அழுத்தம்!"

எல்லோர் முகமும் இவள் பக்கம் திரும்பியது. எத்தனை நாளாயிற்று. வெயிலில் போய் நின்றதுபோல் இருந்தது. லிஃப்ட்காரன் முகம் மட்டும் லேசாகச் சுருங்கியது. இரவு படுக்கும்போது, "என்கிட்டகூடச் சொல்லலையே" என்றான். கோபமாக இல்லை. "உறுதியாத் தெரியட்டும்னு இருந்தேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பொய் சொல்வது ஒரு நிமிஷ வேலை. அதை வளர்ப்பதுதான் பாடு. காலையில் மாமியார், "என்ன சொல்றான் உள்ள இருக்கிறவன்?" என்பாள். சாயங்காலம் மாமனார், "இன்னிக்கு உதை உண்டா?" என்பார். இவளுக்குச் சொல்லச் சரக்கு வேண்டும். அசைவு எப்படி இருக்கும் என்று இவளுக்கு என்ன தெரியும்? கடன் வாங்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

மாடியில் துணி காயப்போடும்போது, பேச்சுவாக்கில் கேட்பதுபோல் இளையவளைக் கேட்பாள். "உனக்கு எப்படி இருக்கு?"

அவள் அள்ளிக் கொடுப்பாள். கணக்குப் பார்க்கிற ஜாதி இல்லை அவள். "மீன் வாலை ஆட்டுமே அக்கா, அந்த மாதிரி. சாப்பிட்டு அரைமணி நேரம் கழிச்சு ஜாஸ்தி. இடது பக்கம் படுத்தா உடனே. உங்களுக்கும் அப்படியா?"

"அப்படியேதான்."

இரவு லிஃப்ட்காரனிடம் போய், "மீன் வாலை ஆட்டுற மாதிரி இருக்கு" என்பாள். அவன் கண் விரியும். அந்தக் கண் விரிவது தனக்காகத்தான் என்று ஒரு கணம் நம்புவாள். அடுத்த கணம், அது இளையவளின் மீனுக்கு விரிந்த கண் என்று தோன்றும். புருஷனின் சந்தோஷத்தைக்கூட அடுத்த அறையிலிருந்து இரவல் வாங்க வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரியும். அவன் வயிற்றில் காது வைத்துக் கேட்பான். ஆறு மாடிக்கு மேலே இருக்கிற மோட்டாரின் கோளாறைத் தரைத்தளத்தில் நின்று கேட்டுச் சொல்கிற காது. "கடமுடன்னு ஏதோ ஓடுதே" என்பான். "அது நான் தின்ன ரொட்டி" என்பாள். சிரிப்பார்கள். அவன் தூங்கிய பிறகு இடது பக்கம் படுப்பாள். வலது பக்கம் படுப்பாள். மல்லாந்து படுத்து மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஒன்றும் இல்லை. யாரும் குடிவராத வீட்டின் கதவைத் தட்டிவிட்டு நிற்பதுபோல் இருக்கும்.

தொழிற்சாலையில் அவளுக்கு அடுத்த மேஜையில் பட்டன் துளை போடுகிறவள் ஒருத்தி இருந்தாள். காஜா அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூன்று பிள்ளை பெற்றவள். வாய் அதிகம், ஆனால் விஷயம் தெரிந்தவள். மூத்தவளுக்கு இருபத்தொரு வாரம் முடியப்போகிற அன்று, டீ இடைவேளையில் இவள் கேட்டுவிட்டாள். உண்மையைக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது இப்படி:

"அக்கா, எங்க ஓரகத்திக்கு இன்னும் அசைவே தெரியல. இருபது வாரம் தாண்டிடுச்சு. அப்படி இருக்குமா?"

சொல்லும்போதே ஒரு கேடுகெட்ட நிம்மதி. கேட்க வேண்டியதைக் கேட்டும் ஆயிற்று, அந்த வயிற்றின் அசைவைப் பிடுங்கி எறிந்தும் ஆயிற்று.

"முதல் பிள்ளைக்குச் சில பேருக்கு லேட்டாத்தான் தெரியும்" என்று காஜா அக்கா டீயை ஊதினாள். "ஆனா அப்படின்னு நாமளே முடிவு பண்ணிட்டு உக்காரக்கூடாதுடி. என் அத்தை மகளுக்கு அஞ்சாம் மாசம் உள்ளயே நின்னுபோச்சு. ஒரு வலி கிடையாது, ஒண்ணு கிடையாது. நல்லாத்தான் தின்னுட்டு நடமாடிட்டு இருந்தா. ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. உடனே போய்க் காட்டச் சொல்லு. சொல்லுவியா? உனக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு தெரியும், ஆனா இதைச் சொல்லாம இருந்துடாத."

"சொல்றேன்" என்றாள்.

அன்று அவள் கையைக் கடந்து போன சட்டைகளில் பதினேழு திரும்பி வந்தன. சூப்பர்வைசர் மேஜையில் கொட்டிவிட்டு, "பிள்ளைத்தாச்சின்னு பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தனியாகப் போய்க் காட்டியிருக்கலாம். யாரும் கையைக் கட்டிப்போடவில்லை. ஆனால் காட்டாதவரை அது உயிரோடு இருந்தது. காட்டினால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். அவள் காட்டவில்லை. புதன்கிழமை எப்படியும் ஸ்கேன் இருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இருவருக்கும் ஒரே நாள், ஒரே நேரம். மருந்துக்கடைக்காரன் பிடித்துவைத்த ஏற்பாடு. யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. படம் தானாகச் சொல்லட்டும்.

புதன்கிழமை கிளினிக்கில் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு மருமகள்கள், ஓரத்தில் ஆளுக்கொரு புருஷன். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். இளையவள் காலை ஆட்டிக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நேரம் ஆச்சுன்னா இங்கயே வெள்ளம்தான்" என்றாள். மாமியார் அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

நர்ஸ் வந்தாள். கையில் இரண்டு அட்டை.

"டாக்டருக்கு அவசரமா ஒரு ஆபரேஷன் வந்துடுச்சு. கிளம்பறதுக்குள்ள ஒருத்தரைத்தான் பாக்க முடியும். இன்னொருத்தர் திங்கக்கிழமை வாங்க. ரெண்டு பேருக்கும் அசைவு நல்லாத் தெரியுதுல்ல?"

"தெரியுது" என்றாள் மூத்தவள். வாய் பழகியிருந்தது.

"எனக்குக் காலையிலேருந்து கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றாள் இளையவள்.

மாமியார் தீர்ப்புச் சொல்ல இரண்டு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப இளையவ போகட்டும் நர்ஸம்மா. மூத்தவளுக்கு ஒண்ணும் பயமில்ல. அது உள்ள பந்து விளையாடுது. அவ திங்கக்கிழமை வருவா." இவள் பக்கம் திரும்பி, "என்னம்மா?" என்றாள்.

லிஃப்ட்காரனும் தலையாட்டினான். "தினம் மீன் மாதிரி துள்ளுது" என்று நர்ஸிடம் பெருமையாகச் சொன்னான்.

இளையவள் எழுந்தாள். கைப்பையை மருந்துக்கடைக்காரன் மடியில் போட்டுவிட்டு நடந்தாள். நீல நிறக் கதவு, நாலு அடி தூரம். திங்கள்கிழமைக்கு ஐந்து நாள். மூத்தவள் மனசுக்குள் ஐந்து இரவுகளையும் வரிசையாகப் பார்த்தாள். முடியும் என்றுதான் தோன்றியது. இத்தனை நாள் ஓட்டியவளுக்கு இன்னும் ஐந்து நாள் ஓட்டத் தெரியாதா? இளையவளின் கை கதவின் பிடியில் விழுந்தது.

"எனக்கு அசையவே இல்ல."

சத்தம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. எதிர் வரிசையில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

"என்ன சொல்றீங்க?" என்றாள் நர்ஸ்.

"எனக்கு ஒரு நாள்கூட அசையல. இருபத்திரண்டு வாரம் ஆச்சு. அன்னிக்குச் சொன்னது பொய். அப்புறம் சொன்னது எல்லாமே பொய்."

லிஃப்ட்காரன் மெதுவாகக் கேட்டான், "அப்ப அந்த மீன்?"

அவள் கதவருகே நின்றவளைக் கையால் காட்டினாள். "அவளுது."

"ஏன்டி இப்படிப் பண்ணின?" என்றாள் மாமியார். திட்டவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள்.

அழகான பதில் ஏதாவது இருந்திருக்கலாம். தேடவில்லை. "அவளுக்கு முதல்ல வந்துடுச்சேன்னுதான்."

நர்ஸ் அட்டையைத் திறந்து எதையோ பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை. "கடைசியா இதயத் துடிப்பு கேட்டது பதினாறாவது வாரம்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள். "எழுந்து வாங்க. நீங்கதான் முதல்ல. கூட யாரும் வேண்டாம்."

இளையவள் இன்னும் கதவின் பிடியை விடவில்லை. மாடியில் கொடுத்த ஒவ்வொன்றையும் அவள் இப்போது கணக்குப் பார்க்கிறாள் என்று மூத்தவளுக்குத் தெரிந்தது. திட்டட்டும் என்று காத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும். ஒரு அறை விட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

இளையவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். கண் நிறைந்திருந்தது. "நீங்க போங்க அக்கா. நான் திங்கக்கிழமை வர்றேன். எனக்கு ஒண்ணும் அவ்வளவு கம்மியில்ல."

இதிலும் அவள்தான் முந்தினாள் என்று மூத்தவள் நினைத்தாள். விட்டுக்கொடுக்கிறவளாக நிற்பதற்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டியிருக்கிறது. அந்த நிமிஷத்தில், அந்த இடத்தில், அப்படி நினைக்க முடிகிறதே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை. அதையும் தூக்கிக்கொண்டுதான் நடந்தாள். கடந்து போகும்போது இருவர் வயிறும் ஒன்றோடொன்று உரசின. இளையவள் சட்டென்று மூச்சை இழுத்து ஒரு கையைத் தன் இடது பக்கம் வைத்துக்கொண்டாள். அசைவு அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லவில்லை.

உள்ளே குளிராக இருந்தது. டாக்டர் முதுகைக் காட்டியபடி கைகழுவிக்கொண்டிருந்தார். கட்டிலின் மேல் விரித்த காகிதத்தில் முன்னால் வந்து போனவளின் உடல் பதிந்த சுருக்கம் அப்படியே இருந்தது. திரை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. அதில் அறையின் விளக்கும், உருவம் தெரியாத ஒரு பெண்ணின் நிழலும் தெரிந்தன.

"செருப்பை அங்க விட்டுட்டு ஏறிப் படுங்க" என்றாள் நர்ஸ். அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.