சந்தனம் பூசிய துவக்கு

“எண்ணெய்ப் பிசுக்கோட சாமிக்கு முன்னால வைக்கேலாது. வடிவாத் துடைச்சுப்போட்டுக் கொண்டா” என்றார் அம்மா.

துடைத்தேன். சும்மா அல்ல, ஸ்பிரிட் தொட்ட துணியால், விரல் வைத்தால் கிறீச்சிடும்வரை. எண்ணெய் இல்லாத உருக்கை வெளியே விட்டு வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வரவேற்பறையில் ஹீட்டர் ஓடுகிறது, காற்றில் ஈரமில்லை, ஓர் இரவுதானே. விஷயம் தெரிந்தவனுக்கு வருகிற தைரியம் எனக்கு எப்போதும் தெரிந்த விஷயத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

அது நான் செய்த துவக்கு, நீளக் குழல் துப்பாக்கி. குழலும் மற்ற உருக்குப் பாகங்களும் நிறம் ஏற்றாமல் வெறும் உருக்காக வந்தவை. அவற்றைப் பொருத்தியது, வால்நட் கட்டையை என் தோளுக்கும் கன்னத்துக்கும் அளவாகச் செதுக்கியது, குழலுக்கு நீலம் கலந்த கறுப்பு ஏற்றியது எல்லாம் என் கை. ஊஸ்டரில் துவக்குப் பட்டறை வைத்திருக்கும் ரெகுலா என்ற பெண்மணி ஒரு மூலையை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அவரிடம் ஒரேயொரு தொழிற்பயிற்சி இடம் இருந்தது. “ஒன்று செய்து கொண்டுவா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றிருந்தார். பார்ப்பதற்கு அவர் குறித்த நாள் விஜயதசமி. அவருக்கு அது வெறும் வியாழக்கிழமை.

இயந்திரப் பொறியியலை முதல் வருடத்தோடு விட்டுவிட்டுத்தான் அந்த மூலைக்குப் போயிருந்தேன். சொந்தக்காரரிடம் அம்மா, “கிஷோ மெக்கானிக்கல் செய்யிறான்” என்று சொல்லிவந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பா குணசேகரத்தின் நிலை இன்னும் சுலபம். என்னிடம் இந்த நாட்டுப் பாஸ்போர்ட், அவரிடம் இலங்கைப் பாஸ்போர்ட். இலங்கைக் குடிமக்கள் துவக்கு வைத்திருக்க இந்த நாட்டுச் சட்டம் விடாது. அதனால் நான் துவக்கோடு வரும்போதெல்லாம் அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். “துவக்கிலயிருந்து தப்பி ஓடி வந்தனாங்கள். நீ படிப்பை விட்டிட்டு அதுக்குப் பின்னால ஓடுறாய்” என்று ஒருமுறை சொன்னார். அதன் பிறகு கால்பந்து பற்றி மட்டும் கதைத்தோம்.

விஜயதசமிக்கு முதல் நாள் வீட்டில் நடக்கும் வாணி விழாப் பூசைக்கு வருடாவருடம் புத்தகம் வைப்பேன். இந்த வருடம் என்னிடம் புத்தகம் இல்லை. “அப்ப துவக்கை வைக்கட்டோ?” என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அம்மா கடலைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தி யோசித்தார். ஒரு வருடமாக அந்தத் துவக்கு இருக்கிற பக்கமே திரும்பாதவர்.

“வை” என்றார்.

எது இல்லாமல் துவக்கு சுடாதோ அந்தப் போல்ட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மிச்சத்தைச் சரஸ்வதி படத்தின் முன்னால், தங்கச்சி ஹரிஷாவின் பிரெஞ்சுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் கிடத்தினேன். கீழே இறங்கிப்போய் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பியபோது குழலில் மூன்று இடத்தில் சந்தனம். பன்னீரில் குழைத்து, தாராளமாக. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். மேலே மஞ்சள் தண்ணீரும் தெளித்திருந்தது. ஒரு துளி குழலின் ஓரமாக வழிந்து நின்றுகொண்டிருந்தது.

“அம்மா, ஈரம்.”

“ஓம், காஞ்ச சந்தனத்தை ஆர் பூசுவினம்?”

“துருப்பிடிக்கும்.”

“ஒவ்வொரு வருசமும் காருக்குப் பூசிறனான். பிடிச்சதோ?”

“காருக்குப் பெயின்ற் அடிச்சிருக்கு.”

“வைச்சதை நாளைக்குக் காலமை வரைக்கும் தொடக் கூடாது. உனக்குத் தெரியாததே?” என்றவர், சற்றுத் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, நடுப் பொட்டைச் சுண்டுவிரலால் சரிசெய்தார். நான் முதலாம் வகுப்புக்குப் போன அன்று என் பையின் பூட்டில் அதே விரலால்தான் பொட்டு வைத்தார். துணி என் கையில் இருந்தது. ஒரு தடவை இழுத்தால் போதும். ரெகுலாவின் கண் எப்படிப்பட்டது என்பதும் தெரியும்; கட்டையில் நகம் பட்ட கோட்டை வாசலில் நின்றே கண்டுபிடிப்பவர். துணியை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கடலை அவிந்துவிட்டதா என்று கேட்டேன்.

காலையில் கற்பூரம் காட்டியதும் துடைத்தேன். சந்தனம் வந்தது. அதன் கீழே மூன்று செங்காவி வட்டங்கள், ஓரம் பிசகாமல். வழிந்த துளி ஒரு வால் போட்டிருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். விரலால் தேய்த்தார். போகவில்லை. முந்தானையால் தேய்த்தார்.

“இதால உனக்கு அந்த இடம் கிடைக்காமல் போகுமோ?”

“போகலாம்.”

“நானும் வாறன்” என்று கோட்டை எடுத்தார்.

அப்பாதான் கொண்டுபோய் விட்டார். நான் பின் சீற்றில் நீளப் பையோடு ஏறியதும் கண்ணாடியில் பார்த்து, “நான் காரை மட்டும்தான் ஓட்டுறன்” என்றார். பட்டறைக்கு வெளியே நிறுத்தியவர் இறங்கவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை.

ரெகுலா துவக்கை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினார். கட்டையும் குழலும் சேரும் விளிம்பில் பெருவிரலை ஓட்டினார். என் போல்ட்டைப் போட்டுத் தள்ளி இழுத்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து மூன்று வட்டங்களையும் பார்த்தார். வாலையும் பார்த்தார். அவர் ஏதாவது கேட்பதற்கு முன்னாலேயே அம்மா என் முழங்கையைத் தட்டினார்.

“சொல்லு தம்பி, நான்தான் பூசினனான் எண்டு. சாமிக்குப் பூசினது எண்டும் சொல்லு.”

சொன்னேன். ரெகுலா அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

“எண்ணெயைத் துடைத்தது யார்?”

“நான்.”

“எதால்?”

“ஸ்பிரிட்டால்.”

“ஏன்?”

பட்டறைப் பாஷையில் ஒரு காரணம் சொல்ல வாய் திறந்தேன். எனக்கு அப்படி நிறையக் காரணங்கள் வரும். “அம்மா துடைக்கச் சொன்னார்” என்றேன்.

ரெகுலா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். பயிற்சி இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “கட்டையைக் கழற்று” என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் நிரம்பிய நீளத் தொட்டி ஒன்றின் அடியில் அடுப்பைப் பற்றவைத்தார்.

“என்னவாம்? எறியப் போறாவோ?” என்றார் அம்மா.

“இல்லை. அவிக்கப் போறா. கொதிதண்ணியில சிவப்புத் துரு கறுப்பா மாறும். மாறினால், இருக்கிற கறுப்போட சேர்ந்திடும்.”

“மாறாட்டி?”

“முழுக்க உரிச்சுப்போட்டு முதல்லயிருந்து.”

குழலின் இரண்டு முனையிலும் மரத்தக்கை அடித்து, தக்கைகளில் கம்பிக் கொக்கி மாட்டித் தொட்டிக்குள் இறக்கினேன். தண்ணீர் முதலில் அசையாமல் இருந்தது. பிறகு குழலோரமாகக் குமிழிகள் வரிசையாக ஒட்டின. அம்மா குனிந்தார், ஆவியில் கண்ணாடி மூடிக்கொண்டது. கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். அந்தப் பக்கம் ரெகுலாவும் குனிந்திருந்தார். என்னைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ரெகுலா ஒரு தோல் கையுறையை அம்மாவிடம் நீட்டி, எதிர்முனைக் கொக்கியைக் காட்டினார். அம்மா கோட்டுக் கையை மடித்துவிட்டு, அவருக்குப் பெரிதான அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டார்.

“கவனம், சரியான பாரம்” என்றேன்.

“விலகு” என்றார் அம்மா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். குழல் தண்ணீரை உதிர்த்துக்கொண்டு மேலே வந்தது. அதைச் சுற்றி ஆவி வெள்ளையாக எழும்பி இரண்டு முகங்களையும் மூடியது. கொக்கியைப் பிடித்த கைகள் மட்டும் தெரிந்தன. ஆவி கலைவதற்காக அவை அசையாமல் நின்றன.